வலையின் வம்சாவளி

ஹோட்டலில் சாம்பாரைக் கட்டித் தரும் டப்பா, சிமெண்ட் மூட்டையின் சாக்கு, கல்யாண மண்டபத்தின் பிளாஸ்டிக் நாற்காலி. பெரும்பாலும் மூன்றும் ஒரே சரக்குதான்: பாலிப்ரொப்பிலீன். 1951இல் ஓக்லஹோமா மாநிலத்தின் பார்ட்டில்ஸ்வில் என்ற சிறிய ஊரில், ஃபிலிப்ஸ் பெட்ரோலியம் கம்பெனியின் ஆய்வகத்தில் பால் ஹோகன், ராபர்ட் பேங்க்ஸ் என்ற இரண்டு வேதியியலாளர்கள் எரிவாயுவிலிருந்து பெட்ரோலுக்கு ஏதாவது தேறுமா என்று தேடிக்கொண்டிருந்தார்கள். கிடைத்தது பெட்ரோல் இல்லை. குழாயை அடைத்துக்கொண்டு நின்ற வெள்ளைப் பிசின். அந்த வழியில் வந்த பிளாஸ்டிக்குகளுக்குக் கம்பெனி வைத்த வணிகப் பெயர் மார்லெக்ஸ். முதலில் வாங்க ஆளில்லாமல் கிடங்கில் தேங்கிக் கிடந்த சரக்கை 1958இல் கரையேற்றியது ஹுலா ஹூப் என்ற இடுப்பு வளையம். அமெரிக்கக் குழந்தைகள் இடுப்பில் சுற்றி ஆடிய வளையங்கள் மார்லெக்ஸ் பாலிஎத்திலீனில் செய்யப்பட்டவை.

அதே சமயத்தில் ஹூஸ்டன் நகரத்தில் ஃபிரான்சிஸ் அஷர் என்ற அறுவை மருத்துவர் இந்த மார்லெக்ஸ் இழையை வலையாகப் பின்னி, குடலிறக்கத்துக்கு ஒட்டுப் போட்டுப் பார்த்தார். முதலில் பாலிஎத்திலீன். அது கொதிநீராவியில் தாங்கவில்லை என்பதால் அறுபதுகளின் தொடக்கத்தில் பாலிப்ரொப்பிலீனுக்கு மாறினார். வலையின் கண்கள் வழியே உடம்பின் திசு வளர்ந்து பின்னிக்கொள்ளும். கம்பி வைத்துக் கான்கிரீட் போட்ட மாதிரி அந்த இடம் கெட்டிப்படும். நல்ல யோசனைதான். இன்றும் ஹெர்னியா ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த மாமாவை விசாரித்தால், "மெஷ் வச்சிருக்காங்கப்பா, இனிமே ஒண்ணும் ஆகாது" என்பார். பெரும்பாலும் ஆவதும் இல்லை.

அந்த வலை அடிவயிற்றிலிருந்து சில அங்குலம் கீழே இறங்கியதைப் பற்றித்தான் எழுத வந்தேன். சில அங்குலம்தான். ஆனால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகள், நான்கைந்து நாடுகளின் அரசு விசாரணைகள், உட்கார முடியாமல் போன எத்தனையோ பெண்கள் எல்லாம் அந்தச் சில அங்குலத்துக்குள் அடக்கம்.

*

இடுப்புக்குழியின் தரையைக் கயிற்றுக் கட்டிலாக நினைத்துக்கொள்ளுங்கள். தசைகளும் தசைநார்களும் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய கட்டில். அதன் மேல் முன்னால் சிறுநீர்ப்பை, நடுவில் கர்ப்பப்பை, பின்னால் மலக்குடல். பிரசவங்கள், ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம், தீராத இருமல், மலச்சிக்கல், காலமெல்லாம் தூக்கிய பாரம், மாதவிடாய் நின்ற பிறகு குறையும் ஹார்மோன். ஒவ்வொன்றாகக் கயிறு தளர்ந்துகொண்டே வரும். ஒரு நாள் மேலே இருந்தது கீழே தொங்கும். நம் ஊரில் "அடி தள்ளிடுச்சு" என்றோ "கர்ப்பப்பை இறங்கிடுச்சு" என்றோ, அதுவும் அடுத்த அறைக்குக் கேட்காத குரலில், சொல்வது இதைத்தான். இதனோடு பலருக்குச் சேர்ந்து வரும் இன்னொன்று, இருமினால், தும்மினால், சிரித்தால் சிறுநீர் கசிவது. இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள். இந்த வித்தியாசம் பின்னால் முக்கியமாகும் என்பதால் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

என் பெரியம்மா ஒருவர் பத்து வருடம் வெளியூர்க் கல்யாணம் எதற்கும் வரவில்லை. கூப்பிட்டால், "முட்டி வலிடா, பஸ்ல ஒக்கார முடியாது" என்பார். முட்டியில் ஒன்றுமில்லை என்பதே அவர் போன பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். "இதப் போயி ஆம்பளப் புள்ளகிட்டச் சொல்வாங்களா" என்றார் அம்மா. உயிரை எடுக்கிற நோய் இல்லை. ஆனால் பெண்களை ஊர் உலகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிவிடும். அதனால்தான் இதற்கு அரைமணி நேர வைத்தியம் வந்துவிட்டது என்றதும் உலகம் முழுக்கப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அவர்கள் ஏமாளிகள் இல்லை.

வைத்தியம் தேடிய வரலாறு மிகப் பழையது. ஹிப்போகிரட்டஸ் பெயரில் வழங்கும் கிரேக்க மருத்துவ நூல்களில் பாதியாக நறுக்கிய மாதுளம்பழத்தை உள்ளே வைத்துத் தாங்கச் செய்யும் முறை இருக்கிறது. பெண்ணை ஏணியில் தலைகீழாகக் கட்டி ஏணியைக் குலுக்கும் முறையும் இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் எபேசஸ் நகரத்து சொரானஸ் இந்தத் தலைகீழ் வைத்தியத்தைக் கண்டித்து எழுதினார். மாதுளம்பழம் மட்டும் வேறு வேறு வடிவில் நீடித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரப்பர் வளையம் ஆயிற்று, இப்போது சிலிக்கோன். பெஸரி என்ற அந்த வளையம் இன்றும் பல பெண்களுக்குப் போதுமான வைத்தியம்.

1888இல் மான்செஸ்டரில் ஆர்ச்சிபால்ட் டொனால்ட், பிறகு பால்டிமோரில் ஹோவர்ட் கெல்லி என்று ஒவ்வொருவராகத் தளர்ந்த திசுவையே மடித்துத் தைக்கும் முறைகளைக் கொண்டுவந்தார்கள். 1948இல் ஆர்னால்ட் கெகல் தசைப்பயிற்சியை முன்வைத்தார். 1961இல் ஜான் பர்ச் வயிற்றைத் திறந்து, சிறுநீர்ப்பைக் கழுத்தைத் தூக்கித் தைக்கும் ஆபரேஷனை எழுதினார். எல்லாம் ஓரளவு வேலை செய்தன. ஓரளவுதான். 1997இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு, எண்பது வயதுக்குள் பெண்களில் 11% பேருக்கு இந்த இரண்டில் ஒன்றுக்காக ஆபரேஷன் நடக்கிறது, அப்படி ஆபரேஷன் ஆனவர்களில் 29% பேர் மறுபடி செய்துகொண்டவர்கள் என்று கணக்குச் சொன்னது. தைத்த இடம் மறுபடி தளர்ந்தால் வைத்தியரின் மனதில் எழும் கேள்வி எளியது: தளர்ந்த துணியையே ஏன் திரும்பத் திரும்பத் தைக்கிறோம்? ஹெர்னியாக்காரர்கள் வைக்கிற ஒட்டை நாமும் வைத்தால் என்ன?

*

இந்தக் கேள்விக்கு ஸ்வீடனின் உப்சாலாவிலிருந்த உல்ஃப் உல்ம்ஸ்டனும் ஆஸ்திரேலியாவின் பீட்டர் பெட்ரோஸும் கொடுத்த பதில் புத்திசாலித்தனமானது. கசிவுக்குக் காரணம் சிறுநீர்ப்பைக் கழுத்து இறங்குவது இல்லை, சிறுநீர்க்குழாயின் நடுப்பகுதிக்குத் தாங்கல் போய்விட்டதுதான் என்று 1990இல் ஒரு கோட்பாட்டை வெளியிட்டார்கள். அப்படியானால் வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. ஒரு சென்டிமீட்டர் சொச்சம் அகலமுள்ள பாலிப்ரொப்பிலீன் நாடாவை யோனி வழியாக நுழைத்து, குழாய்க்கு அடியில் இழுக்காமல் ஊஞ்சல் மாதிரி விட்டுவிட்டால் போதும். மரத்துப்போகும் ஊசி, அரைமணி நேரம், அன்றைக்கே வீடு. 1996இல் இதைப் பிரசுரித்தார்கள். டி.வி.டி. என்று பெயர். ஜான்சன் அண்ட் ஜான்சனின் எத்திகான் நிறுவனம் அதை வாங்கி உலகச் சந்தைக்குக் கொண்டுபோனது.

கசிவு நாடா பெரும்பாலான பெண்களுக்குப் பலன் கொடுத்தது என்பதை மறைக்கக் கூடாது. பர்ச் ஆபரேஷன் ஒன்றும் பூப்போட்ட பாதை இல்லை. அதிலும் இரத்தப்போக்கு உண்டு, தோல்வி உண்டு. நாடாவை ஆதரிக்கும் மருத்துவர்கள் இன்றும் இதைச் சொல்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. என் சிக்கல் வேறு இடத்தில். அது எப்படிக் கடைக்கு வந்தது?

நான் சில ஆண்டுகள் மருத்துவக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதும் குழு ஒன்றில் இருந்தேன். அங்கேதான் 510-கே என்ற சொல் முதலில் காதில் விழுந்தது. அமெரிக்காவில் ஒரு மாத்திரையை விற்க வேண்டுமென்றால் அது பாதுகாப்பானது, வேலை செய்கிறது என்று மனிதர்களிடம் சோதித்துக் காட்ட வேண்டும். கருவிக்கு அப்படி இல்லை. ஏற்கெனவே சந்தையில் உள்ள ஒரு கருவிக்கு இது 'கணிசமாகச் சமம்' என்று காட்டினால் போதும். அந்தப் பழைய கருவியை மூதாதை என்று வைத்துக்கொள்வோம். மூதாதையும் சோதிக்கப்பட்டிருக்க வேண்டியதில்லை. அதற்கும் ஒரு மூதாதை இருந்திருக்கும், அவ்வளவுதான். 1996இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் இந்த வழியைப் பற்றி எழுதியபோது ஒரு கணக்கைக் காட்டியது: முழுமையான ஒப்புதலுக்கு ஒரு விண்ணப்பத்தின் மேல் அதிகாரிகள் செலவிடுவது சுமார் 1,200 மணி நேரம். 510-கே விண்ணப்பத்துக்குச் சராசரியாக 20 மணி நேரம்.

இந்தச் சட்டம் வந்த கதையும் கேட்கத் தக்கது. எழுபதுகளின் தொடக்கத்தில் டால்கன் ஷீல்ட் என்ற கருத்தடைச் சாதனம் அமெரிக்காவில் லட்சக்கணக்கான பெண்களுக்கு வைக்கப்பட்டது. அதன் பல இழை நூல், விளக்குத் திரி எண்ணெய் இழுப்பதுபோல் கிருமிகளை மேலே இழுத்தது. சீழ், மலட்டுத்தன்மை, மரணங்கள். அந்தக் கொந்தளிப்பும் சேர்ந்துதான் 1976 மே 28இல் மருத்துவக் கருவிச் சட்டத் திருத்தத்தைக் கொண்டுவந்தது. அன்று சந்தையில் இருந்த ஆயிரக்கணக்கான கருவிகளையும், அவற்றைப் போல இனி வருபவற்றையும் என்ன செய்வது என்ற நடைமுறைக் கேள்விக்குப் பதிலாகப் புகுத்தப்பட்ட சந்துதான் 510-கே. பெண்ணின் உடம்புக்குள் வைத்த ஒரு பொருளால் வந்த சட்டத்தின் சந்து வழியாகவே அடுத்த பொருளும் உள்ளே வந்தது.

டி.வி.டி.க்கு அமெரிக்காவில் 1998 ஜனவரியில் அனுமதி கிடைத்தது. அது காட்டிய மூதாதை, போஸ்டன் சயின்டிஃபிக் நிறுவனம் 1996இல் அனுமதி வாங்கியிருந்த ப்ரோட்டிஜென் என்ற நாடா. இரண்டும் ஒரே மாதிரிகூட இல்லை. ப்ரோட்டிஜென் பாலியெஸ்டரில் நெய்து கொலாஜன் பூசியது, டி.வி.டி. பாலிப்ரொப்பிலீன். 1999 ஜனவரியில், யோனிச் சுவரை அரித்துக்கொண்டு வெளியே வருகிறது என்ற புகார்கள் குவிந்ததால் ப்ரோட்டிஜென்னைத் திரும்பப் பெற்றார்கள். அதைக் காட்டி அனுமதி வாங்கிய டி.வி.டி.க்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. சந்தையிலேயே இருந்தது. அதைக் காட்டி அடுத்தது, அடுத்ததைக் காட்டி இன்னொன்று.

என் தொழிலில் இருப்பவர்களுக்கு இது வேறு மாதிரி உறைக்கும். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பதினோரு வரி நிரலை எழுதியவர் பொதுக் களஞ்சியத்திலிருந்து அதைத் தூக்கிவிட்டார். சில மணி நேரத்தில் உலகம் முழுக்க அதன்மேல் நின்றிருந்த மென்பொருள்கள் பில்ட் ஆகாமல் கவிழ்ந்தன. அன்று எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டோம். ஆனால் அதில் ஒரு நன்மை இருந்தது. அடியில் இருந்தது போனால் மேலே இருப்பது விழும், விழுந்தால் தெரியும். 510-கே வம்சத்தில் அடிக்கல்லை உருவினாலும் மாடி அப்படியே நிற்கும். ஏனென்றால் அது அந்தக் கல்லின் மேல் நிற்கவில்லை, காகிதத்தின் மேல் நின்றது.

2017இல் ஆக்ஸ்ஃபோர்டில் கார்ல் ஹெனகனும் சகாக்களும் உட்கார்ந்து இந்த வம்சாவளியைத் தோண்டினார்கள். 61 வலைக் கருவிகள். ஒவ்வொன்றின் மூதாதையாகப் பின்னோக்கிப் போனால் கடைசியில் இரண்டில் வந்து முடிந்தது: 1985இன் மெர்சிலீன் வலை, 1996இன் ப்ரோட்டிஜென். அனுமதி கிடைத்த நேரத்தில் அவற்றுக்கு மருத்துவச் சோதனைச் சான்று இருந்ததாக அவர்களால் காண முடியவில்லை. முறையான ஒப்பீட்டுச் சோதனைகள் அச்சில் வர, நடுவாக ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஐந்து ஆண்டுகளில் சோதனை எங்கே நடந்தது என்பதை யோசித்துப் பாருங்கள்.

*

கசிவுக்கு வைத்தது நாடா. இறக்கத்துக்கு நாடா போதாது, துணியே வேண்டும். 2002இல் ஜைனிமெஷ் என்ற வலைக்கு, இறக்கத்துக்கென்று அமெரிக்க அனுமதி கிடைத்தது. 2004க்குப் பிறகு 'கிட்' காலம். முன்கூட்டியே வெட்டிய வலை, அதைக் கோர்த்து இழுக்க வளைந்த ஊசிகள், எல்லாம் ஒரே பெட்டியில். வயிற்றைத் திறந்து இடுப்பெலும்பின் ஆழத்தில் தைக்கத் தெரிந்தவர்கள் சிலரே. பெட்டி வந்த பிறகு, வார இறுதிப் பயிற்சி முடித்த மருத்துவரும் செய்யலாம் என்றாயிற்று. ஊசி போகும் பாதை கண்ணுக்குத் தெரியாது, கை உணர்வை நம்பி ஓட்ட வேண்டும்.

எத்திகானின் ப்ரோலிஃப்ட் 2005 மார்ச்சில் சந்தைக்கு வந்தது. அதற்கென்று 510-கே விண்ணப்பம்கூடப் போடவில்லை. ஜைனிமெஷ் போன்றதுதானே, தனியாக எதற்கு என்று நிறுவனம் தானே தீர்மானித்துக்கொண்டது. அடுத்த மாடலுக்கு விண்ணப்பித்தபோதுதான் எஃப்.டி.ஏ. கவனித்தது. 2008 மேயில் அனுமதி கொடுத்தது. மூன்று ஆண்டுகள் அனுமதியில்லாமல் விற்றதற்கு நிறுத்திவைப்புகூட இல்லை. நடு ரோட்டில் லைசென்ஸ் இல்லாமல் பிடிபட்டவனுக்கு அங்கேயே லைசென்ஸ் எழுதிக் கொடுத்து அனுப்பிய மாதிரி.

உள்ளே என்ன நடந்தது? ஹெர்னியா வலை வைக்கும் அடிவயிற்றுச் சுவர் கிருமி இல்லாத, கனமான, ஒப்பீட்டளவில் அசையாத இடம். யோனிச்சுவர் சில மில்லிமீட்டர் தடிமன்தான். இயல்பாகவே நுண்ணுயிர்கள் வாழும் இடம். சிறுநீர்ப்பை நிறைந்தால், மலம் கழித்தால், உடலுறவு கொண்டால் நீளவும் சுருங்கவும் வேண்டிய இடம். அங்கே வைத்த வலையைச் சுற்றி உடம்பு தழும்பு கட்டுகிறது. தழும்பு சுருங்கும்போது வலையையும் சேர்த்து இழுக்கிறது. தட்டையாக வைத்த துணி சுருண்டு கயிறாகிறது, ஓரம் கத்தியாகிறது. சிலருக்கு அது யோனிச் சுவரைக் கிழித்து வெளியே எட்டிப் பார்த்தது. சிலருக்குச் சிறுநீர்ப்பைக்குள்ளும் குடலுக்குள்ளும் போனது. சில பெண்களுக்கு இது தெரியவந்ததே உறவின்போது கணவனுக்குக் கீறல் விழுந்த பிறகுதான். நரம்பில் மாட்டிக்கொண்டால் தொடை முழுக்க நெருப்பு. இது எல்லாருக்கும் நடக்கவில்லை. நடந்தவர்களுக்குத் திரும்பும் வழி இல்லை.

எடுத்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். பழைய கோயில் மதிலில் வேர்விட்ட ஆலங்கன்றைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறீர்களா? இலையும் தண்டும் ஒரு இழுப்பில் வந்துவிடும். வேர் கல்லிடுக்கில் ஓடியிருக்கும். அதையும் எடுக்கப் போனால் மதில் சரியும். திசு வளர்ந்து பின்னிக்கொள்ள வேண்டும் என்றுதான் வலையில் கண் வைத்தார்கள். அது நன்றாக வேலை செய்ததே இங்கே வினையாயிற்று. ஒரே பெண்ணுக்கு மூன்று, நான்கு ஆபரேஷன்களில் துண்டு துண்டாக எடுத்தும் பாக்கி இருந்ததுண்டு. மென்பொருளில் எந்த மாற்றத்தை வெளியிடும்போதும் எங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, ரோல்பேக் எப்படி என்பது. ஒரு பட்டனின் நிறத்தை மாற்றினாலும் கேட்பார்கள். உள்ளே வைப்பதற்கு இத்தனை கருவிகளோடு பெட்டி விற்றவர்கள், வெளியே எடுப்பதற்கு ஒரு வழியையும் அந்தப் பெட்டியில் வைக்கவில்லை.

2010இல் மட்டும் அமெரிக்காவில் இறக்கத்துக்காக யோனி வழியே வலை வைத்துக்கொண்ட பெண்கள் ஏறக்குறைய 75,000 பேர் என்பது எஃப்.டி.ஏ.வின் மதிப்பீடு. 2008 அக்டோபரில் அதே எஃப்.டி.ஏ., மூன்று ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் வந்துள்ளன, ஆனாலும் சிக்கல்கள் அரிதானவை என்றது. 2011 ஜூலையில், 2008 முதல் 2010 வரை மேலும் 2,874 புகார்கள் வந்த பிறகு, இறக்கத்துக்கு வைக்கும் வலையில் கடும் சிக்கல்கள் அரிதல்ல என்று திருத்திக்கொண்டது. மூன்று வருடத்தில் ஒரு 'அல்ல' சேர்ந்தது. அந்த மூன்று வருடங்களில் ஆபரேஷன் மேசைக்குப் போனவர்கள் முதல் வாக்கியத்தைப் படித்தவர்கள்.

இதையெல்லாம் முன்பே சொன்ன மருத்துவர்கள் இருந்தார்கள். லூயிஸ் வால், டக்ளஸ் பிரவுன் இருவரும் 2010இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவ இதழில், வணிகம் ஓட்டும் அறுவை சிகிச்சைப் புதுமைகளின் ஆபத்தைப் பற்றி எழுதினார்கள். 2011இல் வந்த நார்டிக் நாடுகளின் ஆய்வு, ஓராண்டில் வலை வைத்தவர்களில் 60.8% பேருக்கும் தையல் போட்டவர்களில் 34.5% பேருக்கும் பலன் என்றது. சிக்கல்களும் வலைப் பக்கமே கூடுதல் என்றது. பிறகு பிரிட்டனில் நடந்த ப்ராஸ்பெக்ட் என்ற பெரிய சோதனை 2016 இறுதியில் லான்செட் இதழில் வெளியானது. பெண்களிடம் அறிகுறிகளையும் வாழ்க்கைத் தரத்தையும் கேட்டபோது, முதல் இரண்டு ஆண்டுகளில் வலையால் தையலைவிடக் கூடுதல் நன்மை இல்லை. பத்தில் ஒருவருக்கு மேல் வலைச் சிக்கல். ஆய்வகத்து அளவுகோலில் நன்றாகத் தூக்கி நின்ற வலை, அந்தப் பெண்ணின் நாளை நன்றாக்கவில்லை.

*

இந்த விவகாரத்தில் என்னை அதிகம் தொந்தரவு செய்தது பிளாஸ்டிக் இல்லை. கணக்கு இல்லாததுதான். எத்தனை பெண்களுக்கு எந்த மாடல் வலை, எந்தத் தேதியில், யார் வைத்தார்கள் என்ற பதிவேடு அந்தக் காலத்தில் பிரிட்டனில்கூட இருக்கவில்லை. ஒரு அட்டவணை, ஐந்து பத்திகள். நாங்கள் ஒரு மதியத்தில் எழுதிவிடக் கூடியது. புகார் வந்தால் பகுப்பதற்குப் பகுதி எண் இல்லை. புகாரே வராத பெண்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வலி என்று திரும்பி வந்தவர் வேறு மருத்துவரிடம் போனால் முதல் மருத்துவரின் கணக்கில் அவர் குணமானவர்.

ஒன்று முதல் மூன்று சதவீதம் வரை சிக்கல் என்பது பெண்களிடம் சொல்லப்பட்ட கணக்கு. 2017இல் இங்கிலாந்தின் மருத்துவமனை அனுமதிப் பதிவுகளை வைத்து, 2007 முதல் 2015 வரை கசிவுக்கு நாடா வைத்துக்கொண்ட 92,246 பேரை ஆராய்ந்தார்கள். 9.8% என்று வந்தது. மருத்துவமனைக்குத் திரும்பி வந்தவர்கள் மட்டும் அது. வீட்டில் சுருண்டு படுத்திருந்தவர்கள் அதில் இல்லை.

கணக்கு எடுத்தவர்கள் பாதிக்கப்பட்ட பெண்களே. ஸ்காட்லாந்தில் சில பெண்கள் ஒருவரையொருவர் கண்டுபிடித்து, 'ஸ்காட்டிஷ் மெஷ் சர்வைவர்ஸ்' என்ற பெயரில் 2014இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் மனுக் கொடுத்தார்கள். சிலர் சக்கர நாற்காலியில் வந்தார்கள். அந்த ஜூனிலேயே சுகாதார அமைச்சர் அலெக்ஸ் நீல் வலையை நிறுத்திவைக்கச் சொன்னார். இங்கிலாந்தில் கேத் சான்சம் என்ற பத்திரிகையாளர், தனக்கே நாடா வைத்த பிறகு 2015இல் 'ஸ்லிங் த மெஷ்' இயக்கத்தைத் தொடங்கினார். அவரைத் தேடி ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். ஒவ்வொருவர் கதையிலும் ஒரே வரி மறுபடி மறுபடி வரும்: டாக்டரிடம் சொன்னேன், வயதானால் இப்படித்தான், மனப்பிரமை, நீங்கள் ஒருவர்தான் இப்படிச் சொல்கிறீர்கள் என்றார். 'நீங்கள் ஒருவர்தான்' என்ற வாக்கியம் ஒரே ஊரில் பத்துப் பேருக்குச் சொல்லப்பட்டிருக்கும். பக் ரிப்போர்ட்டுகளை ஒன்றையொன்று பார்க்காத பத்து அறைகளில் பூட்டிவைத்தால் எந்த மென்பொருளும் குறையற்றதுதான்.

சீமாட்டி ஜூலியா கம்பர்லெஜ் தலைமையிலான விசாரணை பிரிட்டன் முழுக்கச் சுற்றி நூற்றுக்கணக்கான பெண்களையும் குடும்பங்களையும் நேரில் கேட்டது. வலை மட்டுமில்லை, பிரிமோடோஸ் என்ற கர்ப்பச் சோதனை மாத்திரை, வலிப்புக்குத் தரும் சோடியம் வால்ப்ரோவேட் என மூன்று விவகாரங்கள். மூன்றிலும் பெண்கள் சொன்னது கேட்கப்படவில்லை. விசாரணை நடக்கும்போதே 2018 ஜூலையில் இங்கிலாந்தில் வலை நிறுத்திவைக்கப்பட்டது. 2020 ஜூலை 8இல் அறிக்கை வந்தது. படித்துப் பார்க்கலாம், அரசு அறிக்கைக்கு வழக்கமில்லாத கோபம் அதில் இருக்கிறது.

அமெரிக்காவில் வழி வேறு. அங்கே கோர்ட். மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டனில் நீதிபதி ஜோசப் குட்வின் முன்பாக ஏழு உற்பத்தியாளர்கள் மீதான ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் குவிந்தன. கம்பெனிகள், எங்களுக்கு 510-கே அனுமதி இருக்கிறதே என்று நடுவர் குழுவிடம் காட்ட விரும்பின. குட்வின் மறுத்தார். 510-கே சமமா என்று பார்ப்பது, பாதுகாப்பா என்று பார்ப்பது இல்லை, அதனால் அது பாதுகாப்புக்குச் சாட்சி ஆகாது. மேல்முறையீட்டிலும் அது நின்றது. நாட்டின் அத்தனை மருத்துவமனைகளும் பாதுகாப்பு முத்திரையாக எடுத்துக்கொண்ட காகிதத்துக்கு, கோர்ட்டில் அந்த மதிப்பு இல்லை. 2013 பிப்ரவரியில் நியூ ஜெர்சியில் ப்ரோலிஃப்ட் மீதான முதல் தீர்ப்பு 1.11 கோடி டாலர். அதற்கு முன்பே, 2012 ஜூனில், ப்ரோலிஃப்ட்டை விற்பதை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்திருந்தது. வணிகக் காரணம் என்றார்கள்.

அந்த வழக்குகளில்தான் நம்முடைய பார்ட்டில்ஸ்வில் பிசின் மறுபடி தலைகாட்டியது. பார்ட், போஸ்டன் சயின்டிஃபிக் நிறுவனங்களின் வலைகள் மார்லெக்ஸ் பாலிப்ரொப்பிலீனில் நெய்தவை. ஃபிலிப்ஸின் வாரிசான கம்பெனி 2004இல் அந்தச் சரக்கின் பாதுகாப்புத் தரவுத்தாளில் ஓர் எச்சரிக்கையைச் சேர்த்தது: மனித உடம்பில் நிரந்தரமாக வைக்கும் மருத்துவப் பயன்பாட்டுக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள். பொறுப்பு தன் தலையில் விழக் கூடாது என்ற வக்கீல் புத்திதான் அது, ஆராய்ந்து கண்ட முடிவு என்று நான் சொல்லவரவில்லை. ஆனாலும் மூலப்பொருள் செய்தவனே உடம்புக்குள் வைக்காதே என்று எழுதிக் கொடுத்த சரக்கு, அதற்குப் பிறகும் உடம்புக்குள் போய்க்கொண்டிருந்தது. ஆபரேஷனுக்கு முன் கையெழுத்துப் போட்ட பெண்களின் படிவத்தில் அந்த வரி இல்லை.

2016 ஜனவரியில் எஃப்.டி.ஏ. இறக்க வலையை உயர் ஆபத்து வகுப்புக்கு மாற்றி, முழு ஒப்புதலுக்கான சான்றைக் கேட்டது. மீதமிருந்த நிறுவனங்கள் கொடுத்த சான்று போதவில்லை. 2019 ஏப்ரல் 16இல் விற்பனையை நிறுத்தச் சொன்னது. ஆஸ்திரேலியா அதற்கு ஓராண்டு முன்பே எடுத்துவிட்டது. அங்கே 2019 நவம்பரில் நீதிபதி ஆன்னா காட்ஸ்மன், ஆபத்துகளைச் சொல்லாமல் விற்றதற்காக எத்திகானுக்கு எதிராகத் தீர்ப்பெழுதினார். பிறகு 30 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குச் சமரசம் ஆயிற்று. நியூசிலாந்து வேறு மாதிரி செய்தது. கோர்ட்டுக்கு இழுக்காமல், பெண்களையும் மருத்துவர்களையும் அதிகாரிகளையும் ஒரே அறையில் உட்காரவைத்து, பெண்கள் பேச மற்றவர்கள் கேட்கும் ஏற்பாட்டை 2019இல் ஊர் ஊராக நடத்தினார்கள். காசு கொடுக்கிற காரியம் இல்லை அது. ஆனால் 'நீங்கள் ஒருவர்தான்' என்று சொல்ல அந்த அறையில் வாய்ப்பில்லை.

கசிவுக்கான நாடா அமெரிக்காவில் இன்றும் விற்பனையில் இருக்கிறது. வயிற்று வழியாக வைக்கும் வலையும் இருக்கிறது. இரண்டுக்கும் சான்று வலுவானது என்பது அங்குள்ள மருத்துவச் சங்கங்களின் நிலைப்பாடு. ஃபிரான்ஸில் பிரசவமான பெண்களுக்கு அரசுக் காப்பீட்டிலேயே இடுப்புத்தளத் தசைப்பயிற்சி எழுதித் தருகிறார்கள், பல ஆண்டுகளாக. அதற்கு மூதாதைக் கருவி எதையும் காட்ட வேண்டியதில்லை. விற்பதற்கும் ஒன்றுமில்லை.

வைத்ததை எடுக்க ஸ்காட்லாந்துப் பெண்கள் சொந்த ஊர் மருத்துவர்களை நம்பவில்லை. வைத்தவர்களும், ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பியவர்களும் அவர்கள்தானே. கடன் வாங்கி, நிதி திரட்டி, அட்லாண்டிக்கைத் தாண்டி மிசூரி மாநிலத்தின் டயோனிசியோஸ் வெரோனிகிஸ் என்ற மருத்துவரிடம் போனார்கள். நேராக உட்கார முடியாத நிலையில் அத்தனை மணி நேரம் விமானத்தில். 2022இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. தனியாரிடம் போய் வலையை எடுத்துக்கொண்டவர்கள் செலவைத் திரும்பப் பெறலாம்: அறுவைக் கட்டணம், பயணச் செலவு, தங்கிய செலவு. துணைக்குப் போனவரின் டிக்கெட்டும் உண்டு.

இங்கிலாந்தில் நோயாளிப் பாதுகாப்பு ஆணையர் ஹென்ரியட்டா ஹ்யூஸ் 2024 பிப்ரவரியில் ஓர் அறிக்கை கொடுத்தார். வலையால் பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் முதற்கட்டமாக 20,000 பவுண்ட் என்று அதில் பரிந்துரைத்திருக்கிறார். அதை வாங்க, உள்ளே இருப்பது எந்த வலை என்று ஒரு பெண் எங்கே போய்த் தேடுவாள் என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பழைய ஆஸ்பத்திரிச் சீட்டை இத்தனை வருடம் யார் எடுத்து வைத்திருப்பார்கள்?